கோல்கீப்பரை எழுப்பினவர்

– எழுப்பினீங்களா? நிஜமாவே தட்டி எழுப்பினீங்களா?

– எடுத்தவுடனே தட்டல. முதல்ல குரல்தான் கொடுத்தேன். அசையல. அப்புறம்தான் தோள்ல லேசா தட்டினேன்.

– என்னன்னு குரல் கொடுத்தீங்க?

– 'தம்பி, பந்து வந்துடுச்சு, எழுந்திரு'ன்னு.

– ஐயோ சாமி. எங்கண்ணன் ஃபோன்ல சொன்னப்ப நான் நம்பவே இல்ல. வழக்கம்போல உங்களைக் கேலி பண்றான்னு நினைச்சேன். பஸ்ஸுல கடைசி ஸ்டாப் வந்ததும் தூங்கறவரை எழுப்பற மாதிரி இல்ல எழுப்பியிருக்கீங்க.

– முதல்ல ஷூவைக் கழட்ட விடு தாயே. வாசல்லயே நிறுத்தி வெச்சு விசாரணை பண்றியே.

– அங்கயே கழட்டுங்க. சாக்ஸையும்தான். மெடிக்கல் ஷாப்புல காலையிலேர்ந்து நின்னுட்டு வந்து, இப்பத்தான் தரையைத் துடைச்சேன். அந்தச் சேத்தோட ஒரு அடி உள்ள வந்தீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்.

– சரி, சரி. கழட்டிட்டேன். உள்ள வரலாமா?

– வாங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க, சோஃபா வேணாம். இப்ப ஆதியோடந்தமா சொல்லுங்க. ஒண்ணு விடக்கூடாது.

– உங்கண்ணன்தான் எல்லாம் சொல்லிட்டாரே.

– அவன் எங்க சொன்னான்? திட்டினான். பாதி நேரம் திட்டு, மீதி நேரம் பெருமூச்சு. உங்களை மாப்பிள்ளைன்னு கட்டிக்கிட்டதுக்கு என்னையும் சேத்துத் திட்டினான். 'உன் வீட்டுக்காரர் காலால விளையாட வந்தாரா, கைங்கர்யம் பண்ண வந்தாரா'ன்னு கேட்டான்.

– மச்சான் கேப்டன். அவருக்குக் கோவம் வரத்தான் செய்யும். நாலு கோல் வாங்கியிருந்தோம்.

– நாலா?

– ஆமா. பேக்கரிக்காரங்க நாலு, நாங்க ஒண்ணுமில்ல. ஏசி மெக்கானிக்குக்குக் கால் பிசகிடுச்சு. பிளம்பர் ரெண்டு பேரும் எவன் பந்தை எடுக்கறதுன்னு ஒருத்தனை ஒருத்தன் பாத்துட்டு நின்னாங்க. அந்த இடைவெளியிலயே ரெண்டு போயிடுச்சு.

– நீங்க?

– நான் எப்பவும்போல நடுக்கோட்டுப் பக்கம். முன்னாடி ஓடிட்டா திரும்பி வர மூச்சு இல்ல, அதனால நான் அங்கேயே இருந்துக்கறது. உனக்குத் தெரியாததா?

– தெரியும் தெரியும். பந்து எப்பவாவது வழி தவறி உங்க பக்கம் வந்தா உதைக்கறது. அதுவும் மேல போகும். மூணாவது மாடி, நாலாவது மாடி. சும்மாவா உங்களை மைதானத்துல எல்லாரும் 'லிஃப்டு'ன்னு கூப்பிடறாங்க.

– அது நான் லிஃப்ட் மெக்கானிக்கா இருக்கறதால.

– அப்படியே நினைச்சுக்கோங்க. மேல சொல்லுங்க.

– கேளு. ஆட்டம் முடியப்போகுது. பேக்கரிக்காரங்களுக்கு ஒரு கார்னர் கிடைச்சுது. அவங்க ஆளுங்க மொத்தப் பேரும் நம்ம கோல் பக்கம் போய் மொய்ச்சுட்டாங்க. மச்சான் தலையால முட்டினார் பாரு, பந்து பறந்து வந்து எனக்கு முன்னால விழுந்துச்சு. நான் திரும்பிப் பாக்கறேன். எனக்கும் அவங்க கோலுக்கும் நடுவுல ஒரு ஈ காக்கா இல்ல.

– ஐயோ.

– நான் ஓடினேன். சொன்னா நம்பணும், அப்படி நான் ஓடினதே இல்ல. பின்னாடி அவங்க ஆளுங்க துரத்திட்டு வர்றாங்க, என்னைப் பிடிக்க முடியல. என்னை! எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. பந்து கூட நான் சொன்ன பேச்சைக் கேட்டு முன்னாடி முன்னாடி போச்சு.

– அப்புறம்?

– அப்புறம் கோல் கிட்ட போனா, கீப்பர் கம்பத்துல சாய்ஞ்சு உக்காந்துட்டு இருக்கார். கால் ரெண்டும் நீட்டி, தலை ஒரு பக்கம் சாஞ்சு, கண்ணு மூடி.

– பாவம், ராத்திரி முழுக்க அடுப்பு முன்னாடி நிக்கற ஆளு. விடியறதுக்குள்ள ரொட்டி எல்லாக் கடைக்கும் போகணும். வேலையை முடிச்ச கையோட மைதானத்துக்கு வந்துடறாங்க, இல்ல?

– அதேதான். அதுலயும் இன்னிக்குப் பூரா நாங்க அவருக்கு ஒரு வேலையும் வெக்கல. ஒரு பந்து அந்தப் பக்கம் போகல. வெயில் வேற இதமா இருந்துச்சு. யாருக்குத்தான் தூக்கம் வராது?

– சரி, தூங்கறார். கோல் திறந்து கிடக்கு. பந்து உங்க காலடியில இருக்கு. சும்மா தள்ளி விட்டாலே போதும். ஊதினா போதும்.

– ஊதினா போதும்தான்.

– இத்தனை வருஷத்துல ஒரு கோல். ஒரே ஒரு கோல். ஞாயித்துக்கிழமை தவறாம போறீங்க, மழையா வெயிலா பாக்கறதில்ல. முட்டி வீங்கி வர்றீங்க, நான் ஐஸ் வெக்கறேன். அந்த ஜெர்சியை நான் எத்தனை தடவை தேய்ச்சிருப்பேன். ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து உங்க மூஞ்சியைப் பாப்பேன், இன்னிக்காவது விழுந்துச்சான்னு. கேக்கமாட்டேன். கேட்டா சங்கடப்படுவீங்கன்னு கேக்கமாட்டேன்.

– தெரியும்.

– அதுவும் இன்னிக்குத்தான் கடைசி ஆட்டம். அடுத்த வருஷத்துலேர்ந்து வயசானவங்களை டீம்ல சேக்கறதில்ல, கொடியைக் கொடுத்துக் கோட்டோரமா நிக்க வெக்கப்போறேன்னு எங்கண்ணன் போன வாரம் இதே ஸ்டூல்ல உக்காந்து சொன்னான். நீங்க சிரிச்சுட்டே 'சரி மச்சான்'னீங்க. அன்னிக்கு நீங்க சரியா சாப்பிடல. நான் பாக்கலன்னு நினைச்சீங்களா?

– அன்னிக்குப் பசி இல்ல.

– பேச்சை மாத்தாதீங்க. ஏன் எழுப்பினீங்க?

– எப்படிச் சொல்றது. கேளேன். லிஃப்ட் வேலையில எங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு. குழிக்குள்ள யாராவது இறங்கியிருக்கலாம், மேல கூண்டு மேல யாராவது உக்காந்து கிரீஸ் போட்டுட்டு இருக்கலாம். அதனால சுவிட்சைத் தொடறதுக்கு முன்னாடி குரல் கொடுப்போம். 'ஆள் இருக்கா'ன்னு கத்துவோம். பதில் வந்தாத்தான் கை சுவிட்ச் மேல போகும். யாரும் இல்லன்னு நல்லாத் தெரிஞ்சாலும் கத்துவோம். வேலைக்குச் சேந்த முதல் நாள் என் மேஸ்திரி கத்துக் கொடுத்தது அதுதான்.

– அதுக்கும் பந்துக்கும் என்ன?

– எதிர்ல ஒரு ஆளு விவரம் தெரியாம உக்காந்திருக்கார். நான் காலைத் தூக்கிட்டேன். தூக்கின கால் அப்படியே நின்னுடுச்சு. குரல் கொடுக்காம முடியல. அவ்வளவுதான்.

– அவ்வளவுதானா.

– அவ்வளவுதான். இப்பத் திட்டு. இல்ல ஐஸ் எடுத்துட்டு வந்துட்டுத் திட்டு, முட்டி வலிக்குது.

– எங்க திட்டறது. நல்லாத் திட்டணும்னு மெடிக்கல் ஷாப்புல ஒவ்வொரு மாத்திரை அட்டையை எடுக்கறப்பவும் ஒரு வார்த்தையைச் சேத்து வெச்சுட்டு வந்தேன். எல்லாம் வீணாப் போச்சு. அந்தக் காலைத் தூக்கி இது மேல வைங்க.

– ஆ. மெதுவா.

– மெதுவாத்தான் வெக்கறேன். எழுப்பினதும் என்ன ஆச்சு? அவர் என்ன சொன்னார்?

– கண்ணைத் திறந்து என்னையே பாத்தார். பேயைப் பாத்த மாதிரி. பந்தைப் பாத்தார். மறுபடி என்னைப் பாத்தார். 'அண்ணே, நீங்க அடிக்கலையா'ன்னு கேட்டார். 'நீ எழுந்து நில்லு, அடிக்கறேன்'னேன். அவர் எழுந்து, பேன்ட்டைத் தட்டிட்டு, நடுவுல போய் நின்னார். என் பின்னாடி ஓடி வந்தவங்களும் நின்னுட்டாங்க. ரெஃப்ரி விசிலை வாயில வெச்சுட்டு ஊதலாமா வேணாமான்னு தெரியாம நிக்கறார்.

– சொல்லுங்க, சொல்லுங்க.

– அடிச்சேன். வலது மூலைக்குக் குறி வெச்சு அடிச்சேன். பந்து இடது பக்கம் போச்சு. அந்த ஆளு பாஞ்சார் பாரு. என்ன பாய்ச்சல். நேரா பந்து மேலயே போய் விழுந்தார். முதுகுல பட்டு பந்து வெளிய போயிடுச்சு. அப்படி ஒரு தடுப்பை நான் பாத்ததே இல்ல. நானே கை தட்டினேன்.

– நீங்களே கை தட்டினீங்களா?

– அழகா இருந்தா தட்ட வேண்டியதுதானே. நான் தட்டினதும் எல்லாரும் தட்டினாங்க. மச்சானைத் தவிர.

– எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது. என்ன மனுஷன் நீங்க. இருங்க, அண்ணன்தான் மறுபடி கூப்பிடறான். சொல்லுண்ணே. ம், வந்துட்டார். முட்டிக்கு ஐஸ் வெச்சுட்டு இருக்கேன். யாரு? எல்லாருமா? எப்ப? அதுக்கு நீ என்ன சொன்னே? ம். ம். அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. தூங்கற மனுஷனை ஏமாத்திக் கோல் போடற ஆளை நீ டீம்ல வெச்சுக்கோ. எழுப்பி நிறுத்தி அடிக்கற ஆளு என் வீட்டுல இருக்கார். எனக்கு அது போதும். சரி, சரி, வை.

– என்ன சொன்னார்?

– உக்காந்துட்டுத்தானே இருக்கீங்க? பேக்கரிக்காரங்க மொத்தப் பேரும் அவன்கிட்டப் போயிருக்காங்க. அடுத்த வருஷம் லிஃப்டண்ணன் டீம்ல இல்லன்னா உங்ககூட நாங்க விளையாடறதா இல்லன்னு சொல்லிட்டாங்களாம். 'நாலு கோல் போட்டவனுங்க என் டீமை முடிவு பண்றானுங்க'ன்னு புலம்பறான். ஆனா ஒத்துக்கிட்டான். இன்னும் ஒரு வருஷம்.

– நிஜமாவா?

– நிஜமாத்தான். கொடி வேற யாருக்கோ போகுது. பிளம்பருக்குன்னு நினைக்கறேன்.

– அப்ப அடுத்த வருஷம் முதல் ஆட்டத்துக்கு...

– முதல் ஆட்டத்துக்கு நானும் வர்றேன். மெடிக்கல் ஷாப்புல லீவு சொல்லிட்டு வர்றேன். ஏங்க, எங்க எழுந்திருக்கீங்க? ஐஸ் கீழ விழுது.

– குளிச்சுட்டு வர்றேன். எனக்கு உக்கார முடியல. சந்தோஷமா இருக்கு.

– சரி போங்க. பாட்டெல்லாம் பாட வேணாம், பக்கத்து வீட்டுல பரீட்சைக்குப் படிக்கறாங்க. யாரோ கதவைத் தட்டற மாதிரி இருக்கு. நான் பாத்துக்கறேன், நீங்க போங்க. யாருங்க?

– அக்கா, வணக்கம். லிஃப்டண்ணன் வீடு இதுதானே? நான் வந்து... இன்னிக்கு எதிர் டீம் கோல்ல நின்னவன்.

– தூங்கினவரா?

– அதுவந்து... ஆமாக்கா.

– வாங்க, வாங்க. இப்பத்தான் உங்களைப் பத்திப் பேசி முடிச்சோம். அவர் குளிக்கப் போயிருக்கார். உக்காருங்க. நீங்க சோஃபாவுலயே உக்காருங்க, குளிச்சுட்டுத்தானே வந்திருக்கீங்க. கையில என்ன?

– ரொட்டிக்கா. காலையில நானே சுட்டது. அண்ணனுக்கு.

– இதெல்லாம் எதுக்கு? வேலை முடிச்சு, விளையாடி முடிச்சு, இந்நேரம் நீங்க தூங்கிட்டு இருக்கணுமே.

– படுத்தேன்கா. புரண்டு புரண்டு படுத்தேன். தூக்கம் வரல. எனக்குத் தூக்கம் வராம போனது இதுதான்கா முதல் தடவை. அதான் எழுந்து வந்துட்டேன்.

– ஏன், முதுகுல அடி பலமா? மருந்து தரட்டுமா? அவர் உதைச்சது பட்டுச்சாமே.

– முதுகு நல்லா இருக்குக்கா. மனசுதான்... அதுவந்து, அண்ணன் குளிச்சுட்டுத்தானே இருக்கார்?

– ஆமா. தண்ணி ஊத்தற சத்தம் கேக்கலையா? எதுவானாலும் தயங்காம சொல்லுங்க.

– அக்கா, நான் தூங்கல.

– என்னது?

– தூங்கற மாதிரி நடிச்சேன். எங்க டீம்ல எல்லாருக்கும் தெரியும். நேத்து மாவு பிசையறப்பவே பேசி வெச்சுட்டோம். உங்கண்ணன் ரொட்டி வாங்க வந்தப்ப எங்க கடையில வெச்சுத்தான் சொன்னார், இந்த ஆட்டத்தோட லிஃப்டண்ணனுக்குக் கொடிதான்னு. ஒரு கோல் கூடப் போடாம போறாரேன்னு சிரிச்சார். எங்களுக்குச் சிரிப்பு வரல. நாம நாலு கோல் போட்டதும் அவருக்கு ஒண்ணு விட்டுடலாம்னு முடிவு பண்ணினோம்.

– அட கடவுளே. அவரைத் துரத்திட்டு வந்தவங்க?

– துரத்தறது மாதிரி ஓடினாங்கக்கா. அண்ணன் வேகத்துக்கு மெதுவா ஓடறது ரொம்பக் கஷ்டம். ஒருத்தன் வேணும்னே ரெண்டு தடவை விழுந்து எழுந்தான்.

– அவர் எனக்கு அதை எவ்வளவு பெருமையா சொன்னார் தெரியுமா.

– அதான்கா நெஞ்சை அறுக்குது. கண்ணை மூடிட்டு உக்காந்திருக்கேன், எப்படா பந்து வலையில விழற சத்தம் கேக்கும்னு. சத்தத்துக்குப் பதிலா தோள்ல ஒரு கை. 'தம்பி, எழுந்திரு'ங்கறார். நான் என்ன பண்ணுவேன்?

– எழுந்ததுக்கு அப்புறமாவது விட்டிருக்கலாமே. பாஞ்சு தடுத்தீங்களாமே.

– தடுக்கலக்கா. அண்ணன் வலது மூலையையே பாத்துட்டு நின்னார். சரி, பந்து அங்கதான் வரும், நாம இடது பக்கம் விழுந்துடுவோம்னு விழுந்தேன். பந்து நான் விழுந்த இடத்துக்கே வந்துச்சு. எழுந்து ஓடறதுக்குள்ள முதுகுல பட்டுடுச்சு. அண்ணன் கை தட்டினப்ப எனக்குக் குழிக்குள்ள போயிடலாமான்னு இருந்துச்சு.

– சிரிக்கக்கூடாதுன்னு பாக்கறேன், முடியல. மன்னிச்சுக்கோங்க.

– சிரிங்கக்கா. எனக்குத்தான் சிரிப்பு வரல. அண்ணன் எனக்கு எவ்வளவு பண்ணியிருக்கார். எங்க கடையில சாமான் ஏத்தற லிஃப்டுக்குள்ள ஒரு தடவை நான் மாட்டிக்கிட்டேன். இருட்டு. அடுப்புச் சூடு வேற. பயத்துல அழுதுட்டேன். அண்ணன் வந்து கதவுக்கு வெளியிலேர்ந்தே பேச்சுக் கொடுத்துட்டே வேலை பாத்தார். எந்தக் கோல்கீப்பர் எப்படி நிப்பான், எப்படி விழுவான்னு. பேசிட்டே திறந்துட்டார். நான் அழுததை அவர் இன்னி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல.

– என்கிட்டயே சொல்லலையே.

– அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரு கோல் கொடுக்க முடியலன்னு ஆயிடுச்சு. அதுக்குத்தான் உங்ககிட்ட யோசனை கேக்க வந்தேன். அண்ணன்கிட்ட உண்மையைச் சொல்லிடட்டுமா?

– வாயைத் திறக்காதீங்க.

– தப்பில்லையா?

– தப்போ சரியோ, வேணாம். அந்த மனுஷன் இப்ப எவ்வளவு குஷியா இருக்கார் தெரியுமா? நல்ல காரியம் பண்ணின குஷி. அதோட இன்னும் ஒரு வருஷம் டீம்ல இருக்கோம்கிற குஷி. அது நீங்க தானமா கொடுக்க வந்த கோல்னு தெரிஞ்சா நொந்து போயிடுவார். அவர் ஓடின ஓட்டம்கூடப் பொய்யாயிடும். நீங்க தூங்கினீங்க. நானும் நம்பறேன், ஊரும் நம்புது. அப்படியே இருக்கட்டும். ரொட்டியைக் கொடுத்துட்டு, நல்லாத் தூங்கினேன்னு சொல்லிட்டுப் போங்க.

– சரிக்கா. நீங்க சொன்னா சரி.

– ரொட்டி வாசனை பாத்ரூம் வரைக்கும் வருதே. யாரு, நம்ம தம்பியா?

– ஏங்க. எப்ப வந்தீங்க? தண்ணிச் சத்தம் கேட்டுட்டு இருந்துச்சே.

– குழாயை மூடலை, அதான் சத்தம். ஆளு கதவுக்குப் பின்னால துண்டோட நின்னுட்டு இருந்தேன்.

– எவ்வளவு நேரமா?

– 'நான் தூங்கல'ங்கறதுலேர்ந்து.

– அண்ணே, அதுவந்து... அண்ணே, மன்னிச்சுடுங்க.

– உக்காருப்பா. எதுக்கு எழுந்து நிக்கறே. எனக்கு ஒண்ணும் புதுசா நீ சொல்லிடல.

– தெரியுமா? உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

– கோலுக்குக் கிட்டப் போனதுமே தெரியும். ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் லிஃப்ட் பாக்கப் போறவன் நான். எத்தனை கட்டடம், எத்தனை வாட்ச்மேன். அசந்து தூங்கறவனையும் பாத்திருக்கேன், எழுந்து கதவு திறக்கச் சோம்பேறித்தனப்பட்டு தூங்கற மாதிரி கிடக்கறவனையும் பாத்திருக்கேன். தூங்கறவனுக்கு வாய் தொங்கிடும். இவன் உதட்டை இறுக்கிக் கடிச்சுட்டு, சிரிப்பை அடக்க முடியாம மூக்கு விடைச்சுட்டு உக்காந்திருக்கான்.

– அப்ப லிஃப்ட் குழி, சுவிட்ச், மேஸ்திரின்னு என்கிட்டச் சொன்னதெல்லாம்?

– பழக்கம் நிஜம்தான். இன்னிக்கு அது காரணம் இல்ல. என்ன சொல்லச் சொல்றே? வேணும்னு கோல் விட்டான்னு மச்சானுக்குத் தெரிஞ்சா இவன் பேரு என்ன ஆகறது? தூங்கிட்டான்னா நாலு பேரு சிரிச்சுட்டு மறந்துடுவாங்க. அதான் ஒரேயடியா தூங்கினான்னே சொல்லிட்டேன்.

– அண்ணே, அப்ப அடிச்சுட்டுப் போயிருக்கலாமேண்ணே. நாங்க ஆசையாக் கொடுத்தது.

– அது தெரிஞ்சுதான்யா அடிக்கல. அவ்வளவு பேரும் எனக்காக நின்னுட்டு இருக்கீங்க. சந்தோஷமா இருந்துச்சு, அழுகை வந்துடும்போல இருந்துச்சு. ஆனா எனக்கு வேண்டியது நீங்க கொடுக்கற கோல் இல்ல. நான் போடற கோல்.

– என்னங்க நீங்க. தூங்கற மனுஷனை ஏமாத்த மனசு வராத ஆளுன்னு இப்பத்தானே எங்கண்ணன்கிட்ட அவ்வளவு பெருமையாச் சொன்னேன்.

– அதை மட்டும் திருத்திச் சொல்லிடு. தம்பி, நீ மட்டும் நிஜமாவே தூங்கியிருந்தா, கோலைப் போட்டுட்டுத்தான் உன்னை எழுப்பியிருப்பேன்.